துளசிமணி எடுத்துக்கிட்ட நேரம்

அந்த ஓரத்துல உக்காராதீங்க தம்பி, இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். இப்படி வாங்க. ஆங், உக்காருங்க. அம்மாவுக்கு வீடு பார்க்க வந்தீங்களா? பார்த்தாலே தெரியுமுங்க. ஆபீஸ் வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டறதா வேண்டாமான்னு யோசிக்கறவங்க எல்லாம் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பார்க்க வந்தவங்கதான். தனக்குன்னு பார்க்க வந்தவங்க நேரா உள்ள போயிருவாங்க.

வீடு காட்டற பொண்ணு பின்னால இன்னொருத்தருக்குக் காட்டிக்கிட்டு இருக்குது. இருபது நிமிசம் ஆகும். அது வந்து உங்களுக்கு எல்லாம் காட்டும். தியான மண்டபம், நடைபாதை, வழுக்காத பாத்ரூம் தரை, பிடிச்சுக்கறதுக்குச் சுவத்துல கம்பி, கட்டிலுக்குப் பக்கத்துல இழுத்தா மணியடிக்கற சிவப்புக் கயிறு. அத்தனையும் நெசமுங்க. நான் ஒண்ணும் குத்தம் சொல்ல வரலை. நான் சொல்றது ஒரே ஒரு விசயம், அதுவும் நீங்க கேக்கறதுனால சொல்றேன்.

கேக்கலீங்களா? சரி, கேட்டதாகவே வெச்சுக்குங்க.

எம்பேரு நாச்சிமுத்து. பீளமேட்டுப் பக்கம் ஒரு பஞ்சாலை, டைம் ஆபீஸ்ல முப்பத்தி நாலு வருசம் இருந்தேன். ஆயிரத்து இருநூறு பேரோட வருகை என் கையில. சங்கு ஊதி ஒரு நிமிசம் கழிச்சு வந்தாலும் சிவப்பு மசிதான். கடுமையான ஆளுன்னு சொல்லுவாங்க. ஆனா அநியாயம் பண்றான்னு ஒருத்தர் சொன்னதில்லீங்க. ஒருத்தர்கூட.

என்ற சம்சாரம் பேரு சுலோச்சனா. தையல் கிளாஸ் நடத்தினவ. நல்லா கேலி பேசுவா. யாரு எப்படிப் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவா, எங்க மில்லு முதலாளி முதக்கொண்டு. அவளுக்குக் கை நடுக்கம் ஆரம்பிச்சது ஆறு வருசத்துக்கு முன்னால. பார்க்கின்சன்னு டாக்டர் சொன்னாரு. மக இந்துமதி மெல்போர்ன்ல இருக்கா. அவதான் இந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிச்சா. இது முதியோர் இல்லம் இல்லீங்க, அந்தப் பேரைச் சொன்னா இங்க எல்லாருக்கும் கோவம் வரும். வீடு நம்ம வீடு, பூட்டு நம்ம பூட்டு. முடியற வரைக்கும் நாமளே இருந்துக்கலாம், முடியாதப்ப ஆளு வீட்டுக்கு வரும். குளிக்க வைக்க, துணி மாத்த, பாத்ரூம் கூட்டிட்டுப் போக, ஊட்டி விட. பர்சனல் கேர்னு அதுக்குப் பேரு. அந்தப் பொண்ணு உங்களுக்குப் படம் போட்ட புஸ்தகம் குடுக்கும், அதுல ஒரு சிரிச்ச புள்ள ஒரு அம்மாவுக்குத் தலை வாரி விடற மாதிரி இருக்கும். அந்தப் புள்ள இங்க வேலை பார்க்கறவ இல்லை. நான் விசாரிச்சேன்.

மொத ரெண்டு வருசம் எங்களுக்கு ஆளே தேவைப்படலை. அப்புறம் ஒரு நாள் சுலோச்சனா சமையக்கட்டுல விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுது. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுதுங்க, ஆனா அதுக்கப்புறம் வியாதி விறுவிறுன்னு ஏறிருச்சு. பேச்சு குழறிப்போச்சு. வெடியால எந்திரிச்சா உடம்பு கட்டையாட்டம் இருக்கும். அப்பத்தான் துளசிமணி வந்தா.

மலையோரத்துல ஒரு ஊர்லயிருந்து பஸ்ல வருவா. நாப்பது வயசிருக்கும். பெருசாப் படிப்பில்லை. காலையில ஏழு மணிக்கு எங்க வீடு, ஏழரைக்கு எதிர்வீட்டு ஜெயசீலி டீச்சர் வீடு. அரை மணி நேரம். அக்ரிமென்ட்லயே அப்படித்தான் போட்டிருக்குது, குளியல் உதவி அரை மணி நேரம்னு.

அரை மணி நேரத்துல அவ ஒரு நாளும் வெளிய வந்ததில்லீங்க தம்பி.

ஏழு மணிக்கு உள்ள போவா, கதவைச் சாத்துவா. நான் ஹால்ல பேப்பரோட உக்காந்திருப்பேன். கொஞ்ச நேரத்துக்குத் தண்ணிச் சத்தமே கேக்காது. பேச்சுச் சத்தம்தான் கேக்கும், அதுவும் துளசிமணி பேசறதுதான். அப்புறம் எங்கியோ முக்கா மணி நேரம் கழிச்சு மெதுவா சொம்புச் சத்தம். நடுவுல ரெண்டு பேரும் சிரிப்பாங்க. சுலோச்சனா சிரிக்கறது எனக்கு நல்லாக் கேக்கும். பேச்சுதான் குழறுச்சே தவிர சிரிப்பு அப்படியே இருந்துச்சு. என்னத்தைச் சிரிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் எந்திரிச்சுப் போயி கதவைத் தட்டி, "துளசிமணி, ஏழே முக்கால்"னு சொல்லுவேன். உள்ள ஒரு நிமிசம் சத்தமே இருக்காது. அப்புறம் மறுபடி சிரிப்பு.

எட்டேகால் ஆகும் வெளிய வர. சுலோச்சனா சுங்குடிச் சேலை கட்டி, தலை பின்னி, பவுடர் போட்டு, சக்கர நாற்காலியில உக்காந்திருப்பா. பார்க்க நல்லாத்தான் இருக்கும், அதை நான் இல்லீங்கலை. ஆனா மெஸ்ஸுல எட்டரைக்கு டிபன் மூடிருவாங்க. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடறது, கல்யாணம் ஆன நாள்லயிருந்து. நாற்காலியைத் தள்ளிக்கிட்டு ஓடுனா ஆறின இட்டிலி. அங்க பார்த்தா ஜெயசீலி டீச்சர் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு எதிர்வீட்டு வாசல்ல காத்துக்கிட்டு நிப்பாங்க. எழுபத்தெட்டு வயசு, வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவங்களுக்காகவும் சேர்த்துத்தான் நான் பேசினேன்.

பேசினேன்னா சண்டை போடலீங்க. பதிமூணு நாள், கட்டம் போட்ட தாள்ல, உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம், வித்தியாசம் எத்தனை நிமிசம்னு குறிச்சு வெச்சேன். பேரு போடலை. வீட்டு எண் மட்டும் போட்டேன். ஒரு ஆளைக் குறிவெச்சுச் செஞ்சதா இருக்கக் கூடாதில்லீங்களா? அதை மேனேஜர் ஷர்மிளாகிட்டக் குடுத்தேன். அந்தப் பொண்ணு நெம்ப சந்தோசப்பட்டுது. "அங்கிள், இவ்வளவு தெளிவா எங்க ஆபீஸ்லயே யாரும் ரிப்போர்ட் தர மாட்டாங்க"ன்னு சொல்லுச்சு. அடுத்த மாசம் குடியிருப்போர் கூட்டத்துல எனக்குச் சால்வை போத்துனாங்க. நான் கேக்கலை. அவங்களாப் போத்துனாங்க.

புது ஏற்பாடு வந்துச்சு. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர். வர்ற பொண்ணு போனைக் காட்டினா நேரம் பதிவாயிரும், போறப்பவும் காட்டணும். இருபத்தஞ்சு நிமிசத்துல போன் பீப்னு சத்தம் போடும். அப்புறம் நான் ஒரு சீட்டுல கையெழுத்துப் போடணும். சொன்னா சிரிப்பீங்க, எங்க மில்லுலகூட இந்தளவுக்குச் சுத்தமா இருந்ததில்லை.

துளசிமணியை ஆபீஸுக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. "அந்தம்மாவுக்கு அரை மணி பத்தாதுங்க"ன்னு சொல்லியிருக்கா. வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை அவளுக்கு. விவரமா எழுதிக் குடுத்திருந்தா யோசிச்சிருப்பாங்க. துணி துவைக்கற பக்கம் மாத்துனாங்க. ஒரு வாரத்துல நின்னுட்டா. போறப்ப எங்க வீட்டுக்கு வந்து சுலோச்சனா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா. என்கிட்ட, "போயிட்டு வர்றனுங்க சார்" அவ்வளவுதான். நானும், "சரிம்மா, நல்லா இரு"ன்னு சொன்னேன்.

அப்புறம் ஏஜென்சி பொண்ணுங்க. ரெண்டு மாசத்துல பதினோரு பேர் வந்தாங்க தம்பி. நல்ல புள்ளைங்கதான், அதுகளை நான் குத்தம் சொல்ல மாட்டேன். சிலது ஒடிசாவுலயிருந்து வந்ததுங்க, தமிழ் தெரியாது. ஏழு மணிக்கு டான்னு வருவாங்க. அந்த விசயத்துல அப்பழுக்கில்லை. மொத நாள் வந்த புள்ளை உள்ள போயி அஞ்சு நிமிசம் இருக்கும், சுலோச்சனா கத்துனா. அந்த மாதிரிச் சத்தம் நான் கேட்டதே இல்லீங்க. பிரசவத்துலகூட அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தான்னு அவங்கம்மா சொல்லுவாங்க. நான் பேப்பரை வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். கதவு வரைக்கும் போனேன். உள்ள குளிச்சுக்கிட்டு இருக்கறப்ப எப்படிங்க போறது? "என்னாச்சும்மா"ன்னு வெளியில இருந்தே கேட்டேன். "பாட்டி கோஆபரேட் இல்லை சார்"னு அந்தப் புள்ளை சொல்லுச்சு.

தினமும் இதே கதைதான். அப்புறம் அவங்களுக்கு ஒரு விதி இருக்குது. மூணு தடவை கேட்டும் வேண்டாம்னா வற்புறுத்தக் கூடாது. அது நல்ல விதிதான் தம்பி, யோசிச்சுப் பாருங்க. சீட்டுல "மறுத்துவிட்டார்"னு எழுதிட்டு, ஈரத் துண்டுல மூஞ்சியும் கையும் துடைச்சுட்டுப் போயிருவாங்க. பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு ரெண்டு ஆளு வேணும், ஒரு ஆளுதான் வருதுன்னு சொல்லி, பகல்லயும் டயப்பர் போட ஆரம்பிச்சாங்க. துளசிமணி ஒத்தையாளா எப்படிக் கூட்டிட்டுப் போனான்னு அப்ப நான் யோசிக்கலை. ஒரு மாசத்துல சுலோச்சனா நிக்கறதையே மறந்துட்டா.

நான் கையெழுத்துப் போட்டேன். என்னத்துக்குப் போட்டீங்கன்னு நீங்க கேப்பீங்க, என் மகளும் கேட்டா. சீட்டுல என்ன எழுதியிருக்குது? வந்த நேரம் ஏழு, போன நேரம் ஏழு இருபத்தி நாலு. அது நெசம்தானுங்களே? நெசமா இருக்கறதுக்கு எப்படி நான் கையெழுத்துப் போடாம இருக்கறது?

தலைமுடி விசயம் சொல்லணும். அவளுக்கு இந்த வயசுலயும் இடுப்பு வரைக்கும் முடி. வெள்ளையாப் போச்சு, ஆனா அடர்த்தி குறையலை. வாரக்கணக்காத் தலைக்கு ஊத்தாம சிக்குப் பிடிச்சுப் போச்சு. ஒரு நாள் ஒரு பாரம் குடுத்தாங்க. "முடி பராமரிப்புக்குச் சம்மதம்"னு இருந்துச்சு. எண்ணெய் வெச்சுச் சிக்கெடுத்துப் பின்னி விடப் போறாங்கன்னு நினைச்சு, ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மெஸ்ஸுல தனியா டிபன் சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்தா, சுலோச்சனா தலை மேடும் பள்ளமுமா, பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் ஒட்ட வெட்டிக் கிடக்குது. வெட்டுன முடி ஒரு பாலித்தீன் கவர்ல, மேசை மேல. எடுத்து வெச்சிருந்தாங்க, வீசலை. அந்தளவுக்கு மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க.

அவ என்னைப் பார்த்தா. நான் என்ன சொல்றது தம்பி? "வெயிலுக்கு நல்லதுதான்"னு சொன்னேன். அது மார்கழி மாசம்.

அன்னைக்குப் பொழுதோட ஷர்மிளாகிட்டப் போயி சத்தம் போட்டேன். போடாம இல்லை. அந்தப் பொண்ணு பாரத்தை எடுத்துக் காட்டுச்சு. கீழ என் கையெழுத்து. "அங்கிள், நீங்க சைன் பண்ணித்தானே செஞ்சோம்"னு சொல்லுச்சு. அப்புறம் கதவைச் சாத்திட்டு, "ஐம்பத்திரண்டு வீட்டுக்கு ஆறு பேர்தான் அங்கிள் இருக்காங்க. நான் மேலிடத்துக்கு எழுதி எழுதிச் சலிச்சுட்டேன். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"ன்னு கண்ணைத் துடைச்சுக்குச்சு. அதையும் குத்தம் சொல்ல முடியலை. நான் மேலிடத்துக்கு நாலு லெட்டர் எழுதினேன். நாலுக்கும் பதில் வந்துச்சு. ஒரே பதில், தேதி மட்டும் வேற.

படுக்கைப் புண்ணைக் கண்டுபிடிச்சது ஜெயசீலி டீச்சர். வாக்கரைத் தள்ளிக்கிட்டு வந்து சுலோச்சனா பக்கத்துல உக்காந்தவங்க, மூக்கைச் சுளிச்சு, "இது என்ன வாடை நாச்சிமுத்து?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியலைன்னேன். என்னை வெளிய போகச் சொல்லிட்டு, சிவப்புக் கயிறை இழுத்துப் பொண்ணை வரவெச்சு, புரட்டிப் பார்த்திருக்காங்க. இடுப்புக்குக் கீழ, உள்ளங்கை அகலத்துக்கு. வெளிய வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க. "டீச்சர், உங்களுக்காகவும்தான் நான் அன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். "எனக்காகப் பேசச் சொல்லி உங்களை யாருங்க கேட்டது? முக்கா மணி நின்னா எனக்கென்ன போச்சு? என்னையும் அவ முக்கா மணி நேரம் பார்த்துக்கிட்டாளே"ன்னாங்க. ஒரு பட்டதாரி டீச்சர் பேசற பேச்சுங்களா அது? நேரம்னா நேரம்தானே.

ஆஸ்பத்திரியில பதினெட்டு நாள். அங்க ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். "சார், இது ஒரு நாள்ல வந்த புண் இல்லை. வீட்ல நீங்கதானே இருக்கீங்க, பார்க்கலியா?"ன்னு கேட்டுச்சு.

"நான் அந்த ரூம்ல இருக்கறதில்லீங்க டாக்டர்"னேன்.

"எந்த ரூம்ல?"

"குளிக்க வைக்கறப்ப, துணி மாத்தறப்ப."

"எத்தனை நாளா?"

"எப்பவுமே"ன்னு சொன்னேன். அந்தப் புள்ளை எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்துச்சு. நான் பையில வெச்சிருந்த சீட்டுங்களை எடுத்துக் குடுத்தேன். அறுபத்தியொரு நாள், ஒரு நாள் விடாம வரிசையா அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருந்தேன். வாங்கவே இல்லீங்க. நர்ஸைக் கூப்பிட்டுட்டுப் போயிருச்சு.

திரும்பி வந்ததும் ஒரு முடிவு பண்ணினேன். துளசிமணி வீட்டைத் தேடிக்கிட்டுப் போனேன். டவுன் பஸ்ல போயி, கடைசி ஸ்டாப்புல இறங்கி, ரெண்டு கிலோமீட்டர் நடை. எழுபத்தியெட்டு வயசுல இந்த முழங்காலை வெச்சுக்கிட்டுப் போனேன் தம்பி, அதையும் கணக்குல எடுத்துக்குங்க. அவ இப்ப ஒரு நாத்துப் பண்ணையில வேலை பார்க்கறா. கையெல்லாம் மண்ணு. என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிட்டு ஓடி வந்து, "அம்மா எப்படிங்க இருக்காங்க?"ன்னுதான் மொதல்ல கேட்டா. நான் சொன்னேன். முடியைச் சொன்னப்ப வாயைப் பொத்திக்கிட்டு அந்த மண்ணு மேடையிலயே உக்காந்துட்டா.

"திரும்ப வா துளசிமணி, நான் ஷர்மிளாகிட்டப் பேசறேன்"னேன்.

"இல்லீங்க சார். அந்த போன் பீப்புங்கறப்ப அம்மாவைப் பாதியில விட்டுட்டு வர என்னால ஆகாதுங்க. இங்க செடி கிட்ட அந்தத் தொந்தரவு இல்லீங்க."

"அப்படி என்னதான் செஞ்ச அந்த ஒண்ணே கால் மணி நேரம்?"னு கேட்டேன். ரெண்டு வருசமா கேக்காததை அன்னைக்குத்தான் கேட்டேன்.

அவ சொன்னா: "நீங்க ஆறே முக்காலுக்கு மாத்திரை குடுப்பீங்களே சார், அது வேலை செய்ய ஏழரை ஆகுமுங்க. அதுக்கு முன்னாடி கையை மடக்குனா அம்மாவுக்கு உசுரு போற மாதிரி வலிக்கும். அதனால சுடுதண்ணியில துண்டை நனைச்சு ரெண்டு கையிலயும் சுத்தி வெச்சுட்டுப் பேசிக்கிட்டு இருப்பேன். விரல் தானா விரிய ஆரம்பிச்சதும்தான் எழுப்புவேன். அப்ப அவங்களே என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்துருவாங்க. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் கேப்பேனுங்க. இப்ப முதுகுங்கம்மா, இப்ப காலுங்கம்மான்னு. அவங்க கண்ணைச் சிமிட்டுனா ஊத்துவேன், இல்லீன்னா இருப்பேன். சேலையை அவுத்தா மேல ஒரு துண்டைப் போத்தி அதுக்குள்ளயேதான் கழுவி விடறது. அம்மா மானஸ்தி இல்லீங்களா."

இதை அவ ஆபீஸ்ல சொல்லியிருந்தா என்ன தம்பி? அதைத்தான் கேட்டேன். "ஏன்மா இதை அன்னைக்கே சொல்லலை?"

"கேட்டாத்தானுங்களே சார் சொல்றது. நேரத்தை மட்டும்தான் கேட்டாங்க"ன்னா. அப்புறம் கொஞ்சம் தயங்கிட்டு, "நீங்க எழுதிக் குடுத்த தாளை மேடம் காமிச்சாங்க. கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சுங்க"ன்னா.

"நான் உம்பேரு போடலை துளசிமணி."

"ஆமாங்க சார், போடலை"ன்னா. டீ வெச்சுக் குடுத்தா. குடிச்சுட்டு, போறதுக்கு முன்னால கேட்டேன், உள்ள அப்படி என்னத்தைச் சிரிப்பீங்கன்னு. மொதல்ல சொல்ல மாட்டேன்னா. அப்புறம், "நீங்க கதவைத் தட்டி ஏழே முக்கால்னு சொல்றீங்களே, அம்மா அதை உங்களாட்டவே சொல்லிக் காமிப்பாங்க. வாய் குழறும், ஆனா அந்தக் கழுத்தை நீட்டறது அப்படியே நீங்கதானுங்க சார்"னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. எனக்கும் சிரிப்பு வர்ற மாதிரிதான் இருந்துச்சு. பஸ்ல வர்றப்ப சிரிப்பு வரலை.

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்தவ, "நீங்களே செய்யலாமுங்க சார். ஒண்ணும் வித்தையில்லை"ன்னு சொன்னா. ஐம்பத்தியொரு வருசக் கல்யாணம் தம்பி. ரெண்டு புள்ளை பெத்தோம், ஒண்ணு தங்கலை. ஆனா இந்த மாதிரிக் காரியமெல்லாம் எங்க காலத்துல ஆம்பளைங்க செய்யறதில்லை. அவளும் கேட்டதில்லை. இருந்தாலும் செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ராத்திரியே எல்லாம் எடுத்து வெச்சேன். ரெண்டு துண்டு, ஸ்டூல், சொம்பு, சோப்பு. துளசிமணி சொன்னதை வரிசை போட்டு ஒரு தாள்ல எழுதி பாத்ரூம் கண்ணாடியில ஒட்டி வெச்சேன். காலையில ஆபீஸுக்குப் போன் பண்ணி இன்னைக்கு ஆளு வேண்டாம்னு சொன்னேன்.

மாத்திரை குடுத்தேன். சுடுதண்ணியில துண்டை நனைச்சுக் கையில சுத்தினேன். ஏழரை ஆயிருச்சு. விரல் லேசா விரிஞ்சுச்சு. "சரி சுலோச்சனா, மணி ஏழரை, ஆரம்பிச்சரலாம்"னு சொல்லி, போத்தியிருந்த போர்வையை இழுத்தேன்.

அவ அதைப் பிடிச்சுக்கிட்டா. நடுங்கற கைதான், ஆனா விடலை. கொஞ்சம் பலமா இழுத்தேன், தப்பா நினைச்சுக்காதீங்க, செய்யணுங்கற எண்ணத்துலதான் இழுத்தேன். அவ என் மூஞ்சியைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்து குழறாம சொன்னா: "வெளிய இருங்க."

எனக்குப் புரியற மாதிரி பேசி நாலு மாசம் ஆச்சு தம்பி. எவ்வளவு தெளிவாப் பேசுனா தெரியுமுங்களா! நான் வெளிய வந்து இந்துமதிக்குப் போனைப் போட்டு, "உங்கம்மா பேசிட்டா"ன்னு சொன்னேன். "என்னப்பா பேசுனாங்க?"ன்னு கேட்டா. சொன்னேன். லைன் கட்டாயிருச்சோன்னு ரெண்டு தடவை ஹலோ ஹலோன்னேன். அப்புறம் அழுதுக்கிட்டு, "அப்பா, அப்புறம் பேசறேன்"னு வெச்சுட்டா. வேலைக்குப் போற அவசரம்.

மறுபடியும் ஆபீஸுக்குப் போன் பண்ணி ஆளை வரச் சொன்னேன். அன்னைக்கு அம்பது நிமிசம் லேட்டு, ஆனா அது என் தப்பு, அவங்க தப்பில்லை.

இப்ப புண்ணு ஆறிக்கிட்டு வருது. மெத்தைக்கு மேல காத்தடைச்ச மெத்தை போட்டிருக்கோம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து புரட்டிப் போடறாங்க. முக்கியமான சமாச்சாரம், இப்பல்லாம் அவ கத்தறதே இல்லீங்க. எந்தப் புள்ளை வந்தாலும், எப்படிப் புரட்டினாலும், கையை எந்தப் பக்கம் மடக்கினாலும் ஒரு சத்தம் இல்லை. கண்ணு சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கும். சிமிட்டறது இல்லை. சீட்டுல முந்தி "மறுத்துவிட்டார்"னு இருந்த இடத்துல இப்ப "நன்கு ஒத்துழைக்கிறார்"னு எழுதறாங்க. ஷர்மிளாகூட, "ஆன்ட்டி இப்ப செட்டிலாயிட்டாங்க அங்கிள்"னு சொல்லுச்சு. இருபத்திரண்டு நிமிசத்துலயே முடிஞ்சுருது. நான் கையெழுத்துப் போடறேன்.

அதா, அந்தப் பொண்ணு வந்துருச்சு. எந்திரிங்க. போயி எல்லாம் பாருங்க, காத்தோட்டம் நல்லா இருக்கும். நான் சொன்னதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணீராதீங்க, ஆளுக்கு ஆள் மாறும். ஆமா, கேக்கணும்னு இருந்தேன், உங்கம்மாவுக்கு இப்ப எப்படி? எந்திரிச்சு நடமாடறாங்களா? முடியலீங்களா? அப்ப யாரு குளிக்க வைக்கறாங்க? சம்சாரமா?

நீங்களா?

நீங்களேவா?

உக்காருங்க தம்பி. ஒரு நிமிசம் உக்காருங்க. அந்தப் பொண்ணு நிக்கட்டும், நான் சொல்லிக்கறேன். பாப்பா, சித்த நேரம் இரு கண்ணு, சார் வருவாரு.

மொத நாளு, தம்பி. நீங்க பையன், அவங்க பெத்த தாய். அவங்களும் வேண்டாம்னுதானே சொல்லியிருப்பாங்க? சொன்னாங்களா இல்லையா?

அப்ப நீங்க அவங்ககிட்ட என்னன்னு சொல்லிக் கேட்டீங்க?